முதல் தளத்து நடுவர்

பையனின் கால்தான் முந்தியது. ஹிராய்வா கோசோ அதைக் கண்ணாரக் கண்டார். முதல் தளத்தின் வெள்ளைத் திண்டைப் பேரன் மிதித்த பிறகுதான் பந்து தைவான் பையனின் கையுறைக்குள் விழுந்தது. நடுவராக நிற்பவன் கண்ணைக் காலில் வைக்க வேண்டும், காதைப் பந்தில் வைக்க வேண்டும். கால் முந்தினால் 'சேஃப்', ஓடியவன் பிழைத்தான்; பந்து முந்தினால் 'அவுட்'. முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் அவர் நின்றிருக்கிறார். முதலில் காலின் சத்தம், பிறகு தோலில் பந்து அறைந்த சத்தம். நடுவே ஒரு கண்சிமிட்டலுக்கு இடமிருந்தது.

ஆனாலும் அவருடைய வலது கை முஷ்டி மடக்கி மேலே போயிற்று.

"அவுட்!"

அதோடு ஆட்டம் முடிந்தது. மூன்றாம் தளத்திலிருந்து ஓடிவந்த பையன் சேர்த்த ஓட்டம் செல்லாமல் போயிற்று. சமன் ஆகியிருக்க வேண்டிய ஆட்டத்தில் ஜப்பான் பையன்கள் ஒரு ஓட்டத்தில் தோற்றார்கள். சியாயி நகரத்துப் பள்ளியின் பேஸ்பால் மைதானத்தில் கூடியிருந்த தைவான் தாய்மார்கள் ஆரவாரம் செய்தார்கள். சோமா முதல் தளத்தைத் தாண்டி ஓடிய வேகத்தில் நின்று, திரும்பி, தாத்தாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வரிசைக்கு ஓடினான்.

கோசோவின் கை அப்படி ஏன் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஜப்பானின் தோயாமா கடலோரத்தில் நெத்திலிக் கருவாடு விற்கும் ஹிராய்வா குடும்பத்துக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தக் கடைக்குக் குழந்தையை அனுப்பினாலும் தராசில் எடை குறையாது என்பார்கள். அந்தப் பேரைத்தான் கோசோ மைதானத்துக்கும் கொண்டுவந்தார். சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களில் பெற்றோரும் பெரியவர்களுமே நடுவர்களாக நிற்பது அங்கே வழக்கம். அவர் நின்ற ஆட்டத்தில் தோற்றவன் கூட முணுமுணுத்ததில்லை. போன இலையுதிர்காலத்தில்தான் முதல்முறையாக ஒரு குரல் கேட்டது. சோமா ஒரு தளத்துக்குச் சறுக்கி விழுந்து சேர்ந்தான், கோசோ 'சேஃப்' என்றார். அது நூற்றுக்கு நூறு சரியான தீர்ப்பு. கம்பிவேலிக்கு வெளியே யாரோ ஒருத்தி, "தாத்தா நடுவர்னா பேரன் எப்பவும் பாஸ்தான்" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

இன்று காலையிலும் அதே பேச்சு வந்தது. நட்பு ஆட்டம் என்பதால் முதல் தளத்து நடுவரை விருந்தாளி அணியே தரலாம் என்றார்கள். கோசோ முன்வந்தபோது தைவான் பயிற்சியாளர் சாய் தொந்தி குலுங்கச் சிரித்து ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண் லியாங் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பேரன் ஓடி வந்தா ஐயாவோட கண்ணு கலங்காதான்னு கேக்குறார். சும்மா விளையாட்டுக்குத்தான் ஐயா."

"ஹிராய்வா வீட்டுக் கண்ணுக்குச் சொந்தக்காரங்க கிடையாதுன்னு சொல்லுங்க" என்றார் கோசோ.

அப்படிச் சொன்ன வாய்க்குத்தான் அந்தக் கை காவல் நின்றது.

பையன்கள் எல்லோரும் ஆறாம் வகுப்பு. இது மார்ச் மாதம். அடுத்த மாதம் நடுநிலைப் பள்ளிக்குப் போய் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். இந்தத் தைவான் பயணமே அணியின் கடைசிப் பயணம். இன்று ஓர் ஆட்டம், நாளை மலைக்கு உல்லாசப் பயணம், மறுநாள் கடைசி ஆட்டம். சோமா அணித்தலைவன். முதுகில் தலைவனுக்கு உரிய பத்தாம் எண். எட்டு வயதில் மட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிய நாளிலிருந்து அந்த எண்ணுக்காகவே பையன் விடியலில் எழுந்து கடலோரமாக ஓடினான் என்பது கோசோவுக்குத் தெரியும்.

இரு அணியும் வணங்கிப் பிரிந்த பிறகு பையன்கள் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவினார்கள். சோமாவின் தோழன் தைஷிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னடா, சொந்தத் தாத்தாவே உன்னைக் கவுத்துட்டாரு? வீட்ல கருவாடு திருடித் தின்னியா?"

"நான் சேஃப்டா" என்றான் சோமா தணிந்த குரலில். "என் காலுதான் முதல்ல பட்டுச்சு."

பின்னால் பயிற்சியாளர் முக்காய் நின்றிருந்தார். சின்ன வயதில் இதே அணியில் ஆடியவர் அவர். அந்தக் காலத்தில் கோசோவின் 'அவுட்' கேட்டு அழுதிருக்கிறார், ஆனால் எதிர்த்துப் பேசியதில்லை.

"யாருடா அது பேசினது?"

சோமா குழாயை மூடினான்.

"நான்தான் கோச்" என்றான் சோமா.

"நடுவர் காக்கா வெள்ளைன்னு சொன்னா?"

"வெள்ளைதான்."

"கேப்டனே தீர்ப்பைக் குறை சொன்னா மத்தவன் என்ன பண்ணுவான்? அதுவும் வெளிநாட்டுல வந்து! நாளன்னைக்கு நீ பெஞ்சுல உக்காரு. பத்தாம் நம்பர் சட்டையைக் கழட்டி தைஷிகிட்ட குடு. இப்பப் போய் நடுவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

தைஷியின் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. "கோச், எனக்கு வேணாம் கோச்…" என்றான். முக்காய் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கோசோ நடுவர்கள் உட்காரும் பந்தலடியில் காலணித் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். சோமா எதிரே வந்து நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்புவரை குனிந்தான். அணி முழுவதும் பின்னால் வரிசையாக நின்றது.

"உங்க தீர்ப்பைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன். தப்பு என்மேல. மன்னிச்சிருங்க."

அந்தக் கணத்தில் ஒரு சொல் போதும். 'தப்பு உன்மேல இல்லடா' என்று ஒரே ஒரு சொல். சுற்றிலும் தைவான் பெரியவர்கள் நின்றார்கள். லியாங் அவர்களுக்குக் காதோடு காதாக விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய கண்களில் வியப்பு ஏறுவதைக் கோசோ பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். தலையை ஒருமுறை அசைத்தார்.

'சரி, மன்னித்தேன்' என்று அதற்கு அர்த்தம்.

அன்று மதிய விருந்தில் சாய் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினார். "எங்க அப்பாவா இருந்தா, நான் பாதி வழியில தடுக்கி விழுந்தாலும் சேஃப்னு சொல்லியிருப்பார்! இந்தப் பெரியவருக்குப் பேரனும் ஒண்ணுதான், எதிராளியும் ஒண்ணுதான். இப்படி ஒரு மனுஷனை எங்க மைதானம் பாத்ததில்ல!" லியாங் சொல்லி முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்தது. யாரோ அவர் தட்டில் வான்கோழி இறைச்சியைக் கூடுதலாக அள்ளி வைத்தார்கள். மேசையின் கடைசியில் சோமா எண் இல்லாத பயிற்சிச் சட்டையோடு உட்கார்ந்து, தனக்கு வைத்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டிருந்தான். விருந்தாளியாகப் போன வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பையன் அழுதிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் மலை ரயில். சின்னஞ்சிறு பெட்டிகள் வளைந்து வளைந்து ஏறின. ஜப்பான் பையன்கள் தைவான் பையன்களின் வீடுகளில்தான் தங்கியிருந்தார்கள். ஆகவே மலைக்கும் இருதரப்பும் சேர்ந்தே கிளம்பின. சோமா தங்கியிருந்தது ஆஹோங் என்ற பையனின் வீட்டில். முதல் தளத்தில் அந்தப் பந்தைப் பிடித்தவனே அவன்தான். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. ஆனாலும் இருவரும் சன்னலோரம் ஒட்டி உட்கார்ந்து, விரல்களால் பந்தை எப்படித் திருப்பி எறிவது என்று காட்டிக்கொண்டு வந்தார்கள்.

மேலே மூடுபனி. வானத்தை மறைக்கும் பழைய மரங்களுக்கு நடுவே பலகைப் பாதையில் பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தைஷி ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கப் பார்த்துத் தோற்று, "இது எங்க சித்தியோட இடுப்பு மாதிரி இருக்குடா" என்று சொல்லி முக்காயிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினான். கோசோ சிரிக்கவில்லை. பாதையோரப் பெட்டிக்கடையில் தேயிலையில் அவித்த முட்டை வாங்கி, உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஆஹோங் லியாங்கின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வந்து நேராக நின்று கேட்டான். கேட்டதை மொழிபெயர்க்க லியாங்குக்கு முகம் சிவந்தது.

"ஐயா, இவன் ஒரு சந்தேகம் கேக்குறான். எங்க ஊர்ல கால் முதல்ல பட்டு, பந்து அப்புறம் வந்தா சேஃபாம். உங்க ஊர்ல விதி வேறயான்னு கேக்குறான்."

கோசோ முட்டையை இறுகப் பிடித்தார்.

"ஏன் கேக்குறான்?"

லியாங் கேட்டாள். பையன் கையுறை இல்லாத இடது கையை விரித்து, வலது முஷ்டியால் அதில் குத்திக் காட்டினான்.

"பந்து அவன் கையில வந்து விழறப்போ, சோமாவோட கால் அவன் காலுக்குப் பக்கத்துல ஏற்கெனவே வந்துடுச்சாம். அதான் அவனுக்கு ஜெயிச்ச சந்தோஷமே வரலையாம். விதி வேறன்னா சரின்னு சொல்றான். இல்லாட்டி ராத்திரி சாப்பிடறப்போ சோமா மூஞ்சியைப் பாக்க முடியலையாம்."

வஞ்சகம் அறியாத பையன். கேள்வியில் குத்தல் இல்லை, குறும்பும் இல்லை. எழுபதைத் தாண்டிய நடுவர் பதில் சொல்வார் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தடி தள்ளி சோமா நின்றிருந்தான். லியாங் ஜப்பான் மொழியில் கேட்டது அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும். அவனும் பதிலுக்காகக் காத்திருக்கிறான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"விதி ஒண்ணுதான்" என்றார் கோசோ. "என் கண்ணுல பட்டதைத்தான் நான் சொன்னேன்."

லியாங் சொன்னாள். ஆஹோங் தலையாட்டிவிட்டு, சந்தேகம் தீராத முகத்தோடு போனான். சோமா மூடுபனிக்குள் நடந்து போனான். கோசோவின் கையில் முட்டை ஓடு நொறுங்கி, பழுப்புச் சாறு விரலிடுக்கில் வழிந்தது. நேற்று கைதான் பொய் சொல்லிற்று. இன்று வாயும் சொல்லிவிட்டது. கை ஒரு நொடியில் தவறியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாய்க்கு அந்தச் சாக்குக் கிடையாது. அது யோசித்துச் சொன்னது.

மலை இறங்கி ரயில் நிலையத்துக்கு வந்ததும் முக்காயைத் தனியாகத் தேநீர்க் கடைக்கு அழைத்தார்.

"நாளைக்குப் பையனை ஆட விடுப்பா."

முக்காய் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரை ஐயா?"

"சோமாவைத்தான். சின்னப் பையன். வாய் தவறிப் பேசிட்டான். கடைசி ஆட்டம் வேற."

"இதை யார் கேக்குறது? நடுவரா, தாத்தாவா?"

கோசோவுக்குச் சுரீரென்றது. முக்காய் குரலில் கேலி இல்லை. மரியாதையோடுதான் பேசினார். அதுதான் இன்னும் உறைத்தது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எனக்கும் மனசு கேக்கல. அவனை மாதிரி உழைக்கிற பையனை நான் பாத்ததில்ல. ஆனா நேத்து அத்தனை பேர் முன்னாடி நீங்க பேரன்னும் பாக்காம அவுட் குடுத்தீங்க. அவன் அதைத் தப்புன்னான். இப்ப நான் அவனை ஆட விட்டா, உங்க தீர்ப்புல சந்தேகம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உங்க பேரை நான் கெடுப்பேனா?"

"என் பேரு கிடக்கட்டும்."

"அதெப்படிக் கிடக்கும்? ஊருக்குப் போனதும் இந்தக் கதையைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்" என்றார் முக்காய், கண் பளபளக்க. "உங்க மகன் கேட்டா எவ்வளவு பெருமைப்படுவார்!"

கோசோ தேநீரைக் குடித்தார். குறுக்குவழி அடைபட்டது. அவர் கட்டிய மதில்தான் அது. அவருடைய பேர் பழுதில்லாமல் நிற்கும்வரை பையன் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பையன் மைதானத்தில் இறங்க வேண்டுமென்றால் அந்தப் பேர் கீழே விழ வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் வைத்துத் தூக்க வழி கிடையாது. அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் காத்துவந்த பேர். அதை வேற்றுநாட்டார் முன்னிலையில் தன் கையாலேயே போட்டு உடைப்பதா என்று ஒரு மனம் கேட்டது. இல்லாத நியாயத்தைக் காட்டி வாங்கிய கைதட்டலை அந்தப் பேரோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவாயா என்று இன்னொரு மனம் கேட்டது. அப்பா உயிரோடிருந்தால் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

கடைசி ஆட்டத்தன்று வெயில் நன்றாக அடித்தது. இரு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்றன. நடுவர்கள் பக்கவாட்டில் நின்றார்கள். தைஷி பத்தாம் எண் சட்டையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான், இரவல் சட்டை போட்டவன் கல்யாண வீட்டில் நிற்பதுபோல. சோமா வரிசையின் கடைசியில். வணங்கும்படி தலைமை நடுவர் கை உயர்த்தும் முன்பே கோசோ இரண்டடி முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"லியாங், இங்க வாம்மா. நான் சொல்றதை ஒரு சொல் விடாமச் சொல்லு."

அவள் ஓடி வந்தாள்.

"முந்தாநாள் கடைசி ஓட்டத்துல சோமா சேஃப். அது எனக்கு அப்பவே தெரியும். கண்ணாலயும் பாத்தேன், காதாலயும் கேட்டேன். தெரிஞ்சேதான் அவுட் குடுத்தேன்."

லியாங் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லு. பேரனுக்குச் சாதகமாச் சொன்னான்னு என்னை யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்தேன். என் பேரைக் காப்பாத்திக்க ஒரு பையனோட உழைப்பைத் திருடினேன். நேத்து ஆஹோங் கேட்டப்பவும் பொய் சொன்னேன். நடுவரா நிக்க எனக்குத் தகுதி இல்ல. வேற ஆளைப் போட்டுக்குங்க."

அவள் சொல்லச் சொல்ல எதிர்வரிசையில் சலசலப்பு ஓடியது. சாயின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. விருந்தில் தாம் சொன்ன பாராட்டை ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப எடுத்துக்கொள்பவர் மாதிரி அவர் கோசோவைப் பார்த்தார். பிறகு கடகடவென்று ஏதோ சொன்னார்.

"அந்த ஆட்டத்தைச் சமன்னு வெச்சுக்கலாம்ங்கிறார்" என்றாள் லியாங். கொஞ்சம் நிறுத்தி, "வேற ஒண்ணும் சொல்லல ஐயா" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆஹோங் மட்டும் பக்கத்துப் பையனின் விலாவில் இடித்து, 'நான் சொல்லல?' என்கிற மாதிரி சிரித்தான்.

கோசோ தைவான் அணியைப் பார்த்து வணங்கினார். முக்காயைப் பார்த்து வணங்கினார். முக்காய் அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் மைதானத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்து சிவந்திருந்தது. கரகரத்த குரலில், "தைஷி, சட்டையை மாத்து" என்றார்.

தைஷி அந்த இடத்திலேயே பொத்தான்களை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றி சோமாவின் கையில் திணித்தான். "இந்தாடா. போட்டதுலேருந்து முதுகெல்லாம் அரிக்குது" என்றான்.

சோமா சட்டையைப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை மெதுவாக, ஒவ்வொன்றாகப் போட்டான். ஆனால் வரிசையில் தன் இடத்துக்குப் போகவில்லை. தாத்தாவுக்கு எதிரே வந்து நின்றான்.

"அவுட் குடுத்தது பரவால்ல" என்றான். "அது ஒரு நொடியில நடந்தது. நான் வந்து மன்னிப்புக் கேட்டேனே, அப்ப ஏன் தாத்தா தலையாட்டினீங்க?"

லியாங் இதை மொழிபெயர்க்கவில்லை. பெயர்க்கவும் தேவை இருக்கவில்லை.

கைதட்டல் வரப்போவது தெரிந்து தலையாட்டினேன் என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அணிக்குச் சொன்னாயிற்று, அந்நியருக்கும் சொன்னாயிற்று. சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஹிராய்வா வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் குனிந்த வழக்கம் இல்லை. அவருடைய அப்பா குனிந்ததில்லை. அவரும் தம் மகனிடம் குனிந்ததில்லை, குனிய வேண்டிய நாட்கள் இருந்தும்.

கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்தார். எழுபத்திரண்டு வருஷம் நிமிர்ந்தே பழகிய முதுகு வலித்தது. இடுப்புவரை குனிந்தார். பேரனின் காலணி நுனிகள் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன.

"தப்பு என்மேல. மன்னிச்சிரு."

வெயில் பிடரியில் சுட்டது. பையன் 'சரி' என்று சொல்வான், அல்லது தலையையாவது அசைப்பான் என்று காத்தார். குனிந்திருப்பவனுக்கு எதிரில் நிற்பவன் தலையசைத்தானா இல்லையா என்பது தெரியாது. முந்தாநாள் சோமாவும், பின்னால் நின்றவர்கள் சொல்லும்வரை, இப்படித்தான் தெரியாமல் குனிந்திருந்திருப்பான்.

"எல்லாரும் வாங்கடா" என்ற சோமாவின் குரல் கேட்டது. அது அணித்தலைவனின் குரல். காலணி நுனிகள் திரும்பின. பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். தலைமை நடுவர் ஆட்டம் தொடங்கியதாக அறிவித்தார். யாரோ ஒரு தைவான் தகப்பனார் முதல் தளத்தை நோக்கி நடந்து போனார்.

கோசோ இன்னும் நிமிரவில்லை.